இடுக்கி உங்கள் கையில்

சியோல் நகரத்துச் சம்கியொப்சல் கடைகளைப் பார்த்து உலகம் பாடம் படிக்க வேண்டும். பன்றியின் வயிற்றுக்கறியைப் பச்சையாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கூடவே ஓர் இடுக்கி, ஒரு கத்தரிக்கோல். சுடுவது, திருப்புவது, வெட்டுவது எல்லாம் வாடிக்கையாளர் பொறுப்பு. வேகவில்லை என்று முதலாளியிடம் சண்டைக்குப் போக முடியாது. எவ்வளவு நிம்மதி!

தண்ணீரையும் பெரும்பாலும் வாடிக்கையாளரே பிடித்துக்கொள்வார். தொட்டுக்கொள்ளும் கிம்ச்சி எத்தனை முறை கேட்டாலும் காசில்லை. கறியை மட்டும் பல கடைகளில் குறைந்தது இரண்டு பேர் அளவுக்குச் சொல்லியாக வேண்டும். தனியாக வந்தவரின் தனிமையை வேறு யார் இத்தனை அக்கறையாகக் கவனிக்கிறார்கள்?

ஒரே சிக்கல், கறி கருகினால் பணிப்பெண் ஓடிவந்து இடுக்கியைப் பிடுங்கிக்கொள்கிறார். பயிற்சிக் காலத்திலேயே வாடிக்கையாளரின் வேலை போய்விடுகிறது. கொரியாவில் டிப்ஸ் வழக்கமும் இல்லாததால், அதுவரை உழைத்ததற்கு அவர் எதையும் எதிர்பார்க்க முடியாது.