மாரிக்கான பாவித்த கார்: பாலையூற்று ஒழுங்கைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மாரிக்கான பாவித்த கார் எனப்படுவது, ஐப்பசி பிறந்ததிலிருந்து தை பிறக்கும்வரை பாலையூற்று போன்ற திருகோணமலைப் பக்கத்து ஊர்களின் கிறவல் ஒழுங்கைகளில் நாள்தோறும் ஓடி, ஏறியவரை அன்றைக்கே வீட்டில் கொண்டுவந்து இறக்கும் பழைய வாகனமாகும். இந்த வரைவிலக்கணத்தில் ‘அன்றைக்கே’ கட்டாயம் வேண்டும். அதை எடுத்துவிட்டால் மாவட்டத்தில் உள்ள எல்லாக் கார்களும் இதற்குள் அடங்கிவிடும்.

குளிர்காலக் கார் பற்றி உலகில் எழுதப்பட்டவை பெரும்பாலும் பனி விழும் நாடுகளைப் பற்றியவை. அங்கே சட்டமே தலையிடுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் பூட்டாமல் கார் ஓட்டக் கூடாது. பாலையூற்றிலோ மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 23 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. (அந்த 23 பாகைக்கே காதை மூடித் துவாய் கட்டியவர்களைத் திருவெம்பாவைக் காலத்தில் காணலாம், அது தனி ஆய்வுக்குரியது.) இங்கே குளிர்காலம் என்றால் தண்ணீர். திருகோணமலையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதத்தில் கொட்டித் தீர்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று விட்ட இடத்தை வங்காள விரிகுடாத் தாழமுக்கம் பிடித்துக்கொள்ளும்.

இந்த இரு குளிர்காலங்களும் உப்பில் மட்டும் சந்திக்கின்றன. ரொறன்ரோவில் பனி உருகுவதற்காக மாநகரசபை லொறி வைத்து வீதியில் உப்புத் தூவுகிறது. திருகோணமலையில் அதே வேலையைக் கடற்காற்று செலவில்லாமல் செய்கிறது. இரண்டு ஊரிலும் கார் அடியிலிருந்துதான் அழியத் தொடங்குகிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் படம் பார்த்துவிட்டு ரொறன்ரோ அண்ணன் சொல்லும் ஆலோசனைகளில் ‘அடியைப் பார்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஹீட்டர் வேலை செய்கிறதா என்ற கேள்விக்குப் பதில் அனுப்பத் தேவையில்லை.

எந்த மாதத்தில் கார் பார்ப்பது என்பது இத்துறையின் தலையாய பிரச்சினை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வாங்குவது வழக்கம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆடி, ஆவணியில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டுமே பிழையான காலங்கள். கோடையில் எல்லாக் காரும் நல்ல கார். கதவு ரப்பர் வெடித்திருப்பதும், வைப்பர் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே மட்டும் துடைக்காமல் போவதும், டிக்கிக்குள் உதிரிச் சக்கரம் கிடக்கும் குழியில் தண்ணீர் நிற்பதும் அப்போது தெரியாது. கார்த்திகையில் மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு, நாலாம் நாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்க வேண்டும். அன்று விற்பவரிடம் மறைக்க நேரமும் இருக்காது, காய்ந்த துணியும் இருக்காது. கொள்கையளவில் இதை மறுப்பார் இல்லை. நடைமுறையில் கார்த்திகையில் கார் பார்க்கப் போவாரும் இல்லை; அந்த மழையில் பார்க்கப் போவதற்கு ஒரு கார் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் வெள்ளத்தைக் கொண்டுவந்த பிறகு, வெள்ளத்தில் நின்ற காரைக் கண்டறியும் கலை தனிக் கிளையாக வளரத் தக்கது. கழுவிப் பூசி மெருகிட்டுவிட்டால் அப்படிப்பட்ட காரின் முகத்தில் ஒன்றும் தெரியாது. சீற் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளியே இழுக்க வேண்டும். வழக்கமாக உள்ளே சுருண்டு கிடக்கும் அந்த ஒரு முழத்தைக் கழுவ யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, சேற்றுக் கோடு அங்கே இருக்கும். முன் சீற் வழுக்கும் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டின் உட்புறத்தில் நீராவி, காப்பெற்றைக் கிளப்பும்போது எழும் புளித்த மணம் ஆகியவை துணைச் சான்றுகள். அளவுக்கு மிஞ்சிய மல்லிகை வாசனைப் போத்தலும் சான்றாகவே கொள்ளப்படும்.

துறைமுகப் பட்டினத்துக்கே உரிய இன்னொரு இனம் மீன் ஏற்றிய வான். பார்க்கப்போனால் இம்மாவட்ட வாகனங்களில் ஐஸைக் கண்டது அது ஒன்றுதான். பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரும் மீன் உப்பும் சேர்ந்து தளத் தகட்டைத் தின்றிருக்கும். மேலே புதிய ரப்பர் விரிப்பு கிடக்கும். வெயிலில் மணம் அடங்கிக் கிடந்து, முதல் மழைக்கு எழும்பும். விற்றவர் அதற்குள் தொலைபேசி இலக்கத்தை மாற்றியிருப்பார்.

உயரம் பற்றிய விவாதம் நீண்டது. இந்தியாவில் செய்த சுசுக்கி அல்ரோவின் அடி தரையிலிருந்து 160 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கிறது. டொயோட்டா அக்வாவின் அடி 140 மில்லிமீற்றரில். இடையே உள்ள 20 மில்லிமீற்றருக்காக இரவு முழுக்கத் தர்க்கம் செய்த குடும்பங்கள் உண்டு. இவ்வளவுகள் வெறுங்காருக்குரியவை. பின்சீற்றில் மூன்று மாமிமாரும் மடியில் பலகாரப் பெட்டியும் ஏறியபின் எந்த நிறுவனமும் அளந்து காட்டியதில்லை. மாரியில் குழியும் வீதியும் ஒரே மட்டமாகத் தெரியும் என்பதால், ஆழத்தை முன்னால் போகும் மோட்டார் சைக்கிள்காரரின் முழங்காலைப் பார்த்து அறிவதே மரபு.

அக்வாவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதன் ஹைபிரிட் பற்றரி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று சீற் ஓரத்திலுள்ள சிறு சல்லடை வழியாக உள்ளே போகிறது. கடற்கரை மணல், நாய் மயிர், முறுக்குத் தூள் எல்லாம் அங்கே போய் அடைத்தால் பற்றரி சூடேறி ஆயுள் குறையும். வெள்ளம் தளத்துக்கு ஏறினால் அதன் கதை அன்றோடு முடியும். பெற்றோல் சிக்கனம் என்ற ஒரே வாதத்தால் அக்வாக் கட்சி இன்னும் உயிரோடு இருக்கிறது.

எந்தக் காரானாலும் எஞ்சின் மூச்சிழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொனற்றைத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீரை இறுக்கி அமுக்க முடியாது. அது சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் மேலே வரும்போது கொனெக்டிங் ரொட் வளையும். அதனால் வெள்ளத்தில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் அடிக்கக் கூடாது. சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ‘ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ’ என்பார்கள். எஞ்சின் கட்டும் செலவில் அவர்களுக்குப் பங்கில்லை.

தூய கோட்பாட்டின்படி பார்த்தால், உயரமும் வெள்ளத்துக்கு மேலே நிற்கும் காற்று வாயும் காப்பெற் இல்லாத தளமும் கொண்ட வாகனம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம்தான். கலியாண வீட்டுக்குப் போதல் என்ற ஒரே நிபந்தனையில் அது தோற்கிறது. டபுள் கப் பிக்கப் எல்லா நிபந்தனையிலும் வெல்லும். விலையைக் கேட்டதும் ஆய்வு நின்றுவிடும்.

டயர், வைப்பர், பிரேக் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பல நாடுகளில் டயர்த் தவாளிப்பின் சட்ட எல்லை 1.6 மில்லிமீற்றர், தேங்கிய தண்ணீரில் நம்பி ஓட 3 மில்லிமீற்றராவது வேண்டும். ஏசி பற்றி மட்டும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. மாரியில் ஏசி எதற்கு என்று விலையைக் குறைத்துக்கொண்டு ஏசி இல்லாத காரை வாங்குவோர் உளர். மழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாலு பேர் மூச்சுவிட்டால் இரண்டு நிமிடத்தில் முன் கண்ணாடி வெளுத்துவிடும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி அதைத் தெளியவைப்பது ஏசியே. அது இல்லாத இடத்தில் பழைய பனியனால் துடைக்கிறார்கள்; துடைக்கும் கை ஸ்டியரிங்கில் இல்லாத கை என்பதைக் கண்டி வீதியில் இரவில் படுத்திருக்கும் மாடுகள் அறியா. பட்டணத்துக்குள் இந்த இடத்தை மான்கள் வகிக்கின்றன.

விலை வழக்கமான பொருளியலுக்குக் கட்டுப்படாதது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் காருக்கு வயது ஏற ஏற விலையும் ஏறியது. வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் தங்களை நிதி நிபுணர்களாகக் கருதத் தொடங்கினர். அந்த எண்ணம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை.

கோத்திரம் பற்றிய கூற்றுகளையும் அளவோடு ஏற்க வேண்டும். ‘டொக்டர் பாவிச்ச கார்’, ‘டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஓடினது’ என்பன விற்பனையில் நிலைத்துவிட்ட வாய்பாடுகள். நாட்டில் இத்தனை டொக்டர்கள் இத்தனை பழைய கார்களை ஓட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் யார் இருந்தது என்ற வினா எழுகிறது. மீட்டரைச் சுற்றிக் குறைப்பது கடினமன்று. 60,000 கிலோமீற்றர் காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் ரப்பரையே நம்ப வேண்டும்.

இறுதிச் சோதனை கராச் பாஸின் கையில் இருக்கிறது. அவர் வந்ததும் பேசுவதில்லை. உரச் சாக்கொன்றை ஈர நிலத்தில் விரித்து, மல்லாந்து காருக்குக் கீழே போகிறார். வெளியே இரண்டு கால்களும் ஒரு செருப்பும் மட்டும் தெரியும். திருப்புளியின் பிடியால் ஒவ்வொரு இடமாகத் தட்டும் சத்தம் கேட்கும். நல்ல தகடு கணீரென்னும். உள்ளே அரித்து மேலே பூசிய தகடு மொத்தென்னும். விற்பவர் இந்த நேரத்தில் எஞ்சினின் பெருமைகளைக் கூடுதல் குரலில் சொல்வது வழக்கம். திருப்புளியின் முனை ஓரிடத்தில் உள்ளே போனால் அவரும் நிறுத்திவிடுவார். பாஸ் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு ‘பார்ப்பம்’ என்றால் வேண்டாம் என்று பொருள். ‘சாமான் கிடைக்கும்’ என்றால் வாங்கலாம். டொயோட்டா கொரோலாவும் நிசான் சனியும் இத்தனை காலம் தாக்குப்பிடித்திருப்பதன் இரகசியம் இந்த இரண்டாவது வசனத்தில் இருக்கிறது.

பத்திரங்களில் சீ.ஆர். புத்தகத்தின் செசி இலக்கத்தைக் காரில் அடித்த இலக்கத்தோடு ஒப்பிட வேண்டும். லீசிங் நிறுவனத்தின் பெயர் அதில் நிற்கக் கூடாது. திகதி போடாமல் கையெழுத்து மட்டும் வைத்த ‘ஓப்பன் பேப்பர்’ பல கை மாறி வந்திருந்தால், பதிவிலுள்ள சொந்தக்காரரைத் தேடுவது தனிப் பயணம்; அதற்கும் ஒரு கார் தேவைப்படலாம். புகைப் பரிசோதனைச் சான்றும் காப்புறுதியும் கையில் இருந்தால் ‘பட்டணமும் சூழலும்’ பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கலாம்.

எஞ்சியது எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு வைத்து நசுக்கிக்கொண்டு கார் புறப்பட வேண்டும். உதிரிச் சக்கரத்துக்கும் ஐந்தாவதாக ஒன்று வேண்டும் என்று வாதிடுவோர் உளர். அதை எப்படி நசுக்குவது என்பதில் முடிவு எட்டப்படவில்லை.