சிஸ்டம் தம்பி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நடுத்தரமான ஒரு ரோலிங் மில்லுக்குள் போய்ப் பாருங்கள். ஏசி போட்ட அறை இரண்டுதான் இருக்கும். ஒன்று முதலாளிக்கு, மற்றது சர்வருக்கு. சர்வருக்காகப் போட்ட குளிரில் ஓசியில் உட்கார்ந்திருப்பவர்தான் சிஸ்டம் தம்பி. காக்களூர் சிட்கோவிலும் தேர்வாய்கண்டிகையிலும்கூட இதே இனத்தைப் பார்க்கலாம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், காதோரம் நரைத்திருக்கும், ஆனாலும் தம்பிதான். மேனேஜருக்கும் தம்பி, வாட்ச்மேனுக்கும் தம்பி.

"தம்பி, பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு."

"தம்பி, ஓனர் போன்ல வைஃபை வரலியாம்."

"தம்பி, பயோமெட்ரிக் என் விரலை எடுக்க மாட்டேங்குது."

பத்து வருஷமாகக் கம்பியையும் பில்லட்டையும் புரட்டியதில் அந்த விரலின் ரேகை தேய்ந்தே போயிருக்கும். அதற்கும் தம்பிதான் பதில் சொல்ல வேண்டும்.

அவருடைய நிஜமான வேலை இதெல்லாம் இல்லை. வே-பிரிட்ஜ், ஸ்டோர்ஸ், டைம் ஆபீஸ், லேபர் கான்ட்ராக்டர் என்று நாலு பக்கமிருந்தும் வந்து விழும் எக்செல் ஷீட்டுகளை டேட்டாபேஸில் ஏற்றுவதுதான் வேலை. கருப்புத் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு மௌஸைத் தொடாமல் தட்டிக்கொண்டே இருப்பார். பின்னால் நிற்பவர்கள், தம்பி யாருடைய பேங்க் கணக்கையோ உடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தள்ளி நிற்பார்கள். திரையில் ஓடுவது நேற்று ராத்திரி வந்த ஸ்க்ராப் லாரிகளின் எடை.

அவர் கையில் இருப்பது எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-ல் எழுதியது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கு வேலை பார்த்தபோது அவருக்கு உதித்த யோசனை அது. இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் அதுதான் ஓடுகிறது. காசு கிடையாது, லைசென்ஸ் கிடையாது. முதலாளிக்கு அதில்தான் சந்தேகம். "ஃப்ரீயா குடுக்கிறவன் சும்மாவா குடுப்பான்?" என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்பார். தம்பி பதில் சொல்ல மாட்டார். ஷீட்டை சிஎஸ்வி என்ற வெறும் எழுத்து ஃபைலாக மாற்றி, "டாட் இம்போர்ட்" என்று ஒரு வரி தட்டுவார். எத்தனை ஆயிரம் வரி இருந்தாலும் டீ ஆறுவதற்குள் உள்ளே போய்விடும்.

உள்ளே போவதில் ஒரு சிக்கலும் இல்லை. என்ன போகிறது என்பதில்தான் தம்பிக்கு ரத்தக்கொதிப்பு.

ஸ்டோர்ஸ் அண்ணன் நல்ல மனிதர். இருபது வருஷமாக எந்த போல்ட் எந்த ரேக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் அரை இஞ்ச் போல்ட்டை எக்செல்லில் 1/2 என்று அடித்து என்டர் தட்டினால், எக்செல் அதைத் தேதி என்று முடிவு செய்து பிப்ரவரி 1 ஆக்கிவிடும். முக்கால் இஞ்ச் ஏப்ரல் 3. எட்டில் ஐந்து இஞ்ச் ஆகஸ்ட் 5. மாசக் கடைசியில் இருவரும் பேசிக்கொள்வதை வெளியாள் கேட்டால் ஜோசியம் பார்க்கிறார்கள் என்றே நினைப்பான்.

"அண்ணே, பிப்ரவரி ஒண்ணு எவ்ளோ இருக்கு?"

"ரெண்டு பெட்டி இருக்குப்பா. ஏப்ரல் மூணுதான் சுத்தமா தீர்ந்துபோச்சு."

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் விஞ்ஞானிகளே இதில் தோற்றவர்கள். 'மார்ச்1' என்று ஒரு மரபணுவுக்குப் பெயர் வைத்தார்கள். எக்செல் அதை மார்ச் முதல் தேதி ஆக்கியது. பல வருஷம் போராடிப் பார்த்துவிட்டு, 2020-ல் மரபணுவின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். இந்தத் தேதிப் பைத்தியத்தை நிறுத்திவைக்க எக்செல்லில் ஒரு வசதி 2023-ல்தான் வந்தது. அது வந்த செய்தி நம் ஸ்டோர்ஸுக்கு இன்னும் எட்டவில்லை.

ஃபர்னஸ்காரர்களின் கதை வேறு. ஒருமுறை உருக்கி இறக்குவது ஒரு ஹீட்; ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு நம்பர் உண்டு. யாரோ ஒரு புண்ணியவான் நடுவில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு நம்பர் கொடுத்துவிட்டார். 12-க்கும் 05-க்கும் நடுவே அந்த எழுத்தைப் பார்த்ததும், பன்னிரண்டுக்குப் பின்னால் ஐந்து பூஜ்யம் என்று எக்செல் படித்துக்கொள்ளும். ஆக, அது பன்னிரண்டு லட்சமாவது ஹீட். தாத்தா காலத்தில் ஃபர்னஸைப் பற்றவைத்திருந்தாலும் அந்தக் கணக்கு வராது.

டைம் ஆபீஸ் மேடத்தின் ஷீட் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மஞ்சள் அடித்தால் லீவு, பச்சை அடித்தால் அரை நாள், சிவப்பு அடித்தால் சொல்லாமல் நின்றுவிட்டார். சிஎஸ்விக்கு நிறம் தெரியாது. மாற்றிய அடுத்த நொடியே அத்தனை பேரும் ஒழுங்காக வேலைக்கு வந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அடிவரியில் 'மொத்தம்' என்று கொட்டை எழுத்தில் இருக்குமே, அதுவும் சேர்ந்து உள்ளே போகும். அன்றிலிருந்து கம்பெனியில் 'மொத்தம்' என்ற பெயரில் ஒரு தொழிலாளி இருப்பார். எந்த ஷிப்டிலும் கண்ணில் பட மாட்டார்; மற்ற எல்லோருடைய சம்பளத்தையும் கூட்டினால் என்ன வருமோ அது அவர் ஒருவருக்கே.

சேர்ந்த தேதி என்ற இடத்தில் ஒருமுறை 45000 என்று வந்தது. எக்செல் தேதியை 1900-லிருந்து நாள் கணக்காக எண்ணி வைத்திருக்கிறது. 45000 என்றால் 2023 மார்ச் 15. மேடம் அதைச் சம்பளம் என்று நினைத்து, "இவ்ளோ யாருப்பா குடுத்தது?" என்று நேராக ஜிஎம் அறைக்கே போய்விட்டார்.

எல்லாவற்றிலும் கொடுமை பேங்க் அக்கவுன்ட் நம்பர். எக்செல் பதினைந்து இலக்கத்துக்கு மேல் கணக்கு வைத்துக்கொள்ளாது. பதினாறு இலக்க நம்பரை அடித்தால், முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். முன்னால் பூஜ்யம் இல்லையென்றால் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். ஒடிசாவிலிருந்து வந்து ரூமில் எட்டுப் பேரோடு படுத்துக் கிடக்கிற பையனுக்கு ஏழாம் தேதி சம்பளம் ஏறாது. அவன் நேராகத் தம்பியிடம்தான் வருவான். தம்பிக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் வராது. திரையில் இருக்கும் நம்பரையும் அவன் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காணாமல் போன பூஜ்யத்தை இருவரும் விரலால் தொட்டுக் காட்டிக்கொள்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தம்பி மறுநாள் வரை காத்திருக்க மாட்டார்.

இத்தனை பட்டதால் அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. ஏற்றுவதற்கு முன் ஃபைலில் எத்தனை வரி என்று எண்ணுவார். ஏற்றிய பின் டேபிளில் எத்தனை என்று எண்ணுவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் 'கமிட்'. இல்லாவிட்டால் 'ரோல்பேக்', எல்லாம் பழையபடி. யாராவது கேலி செய்தால் இங்கிலாந்துக் கதையைச் சொல்லுவார். 2020-ல் கொரோனா கணக்கைப் பழைய எக்செல் ஃபைலில் வைத்தார்கள். அது 65,536 வரிக்கு மேல் தாங்காது. 15,841 நோயாளிகள் கணக்கில் வராமல் விடுபட்டுப்போனார்கள். "வரியை எண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும் சார்" என்று முடிப்பார். இந்தக் கதையைக் கேட்காத ஆள் மில்லில் கிடையாது, கேன்டீன் மாஸ்டர் உட்பட.

வீட்டிலும் இதே புத்திதான். தங்கை கல்யாண மொய் நோட்டை டேபிளில் ஏற்றினார். ஒரே பெயர் இரண்டு தரம் வந்ததை டூப்ளிகேட் என்று நீக்கினார். பொன்னேரி முருகன் மாமாவும் கவரைப்பேட்டை முருகன் மாமாவும் இரண்டு பேர் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? கவரைப்பேட்டை மாமா வீட்டில் காதுகுத்து வந்தபோது இவர்கள் பதில் மொய் எழுதவில்லை. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அதற்கு ரோல்பேக்கும் கிடையாது.

தம்பிக்கு ஷீட் அனுப்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். கட்டங்களை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நிறத்தில் சொல்வதை எழுத்திலும் சொல்லுங்கள். தேதியை வருஷம், மாதம், நாள் என்று அடியுங்கள். அக்கவுன்ட் நம்பரை அடிப்பதற்கு முன் அந்தக் கட்டத்தை டெக்ஸ்ட் ஆக்குங்கள். மொத்தத்தை அவரே கூட்டிக்கொள்வார்.