ஐந்து பிள்ளை வளர்த்த இயக்குநர்

கேள்வி: திரையில் புகழ்பெற்ற நடிகை மேடை நாடகம் இயக்கினால் எடுபடுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஃபிலீசியா ரஷாத்தைப் பாருங்கள். 1984 முதல் 1992 வரை அமெரிக்கச் சின்னத்திரையில், ‘தி காஸ்பி ஷோ’வில் ஐந்து பிள்ளைகளை ஒரே முறைப்பில் அடக்கிய அம்மா! மேடைக்கும் புதியவர் அல்ல. 2004-இல் அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருது. நாடகத்தின் சிறந்த நாயகிக்கான அவ்விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அதே ஆண்டு அமெரிக்காவின் பிராட்வே நாடக மேடையில் ‘ஜெம் ஆஃப் தி ஓஷன்’ நாடகத்தில் நடித்தார். 2007-இல் அதையே சியாட்டிலில் இயக்கினார். 2025-இல் பிராட்வேயில் அவர் இயக்கிய ‘பர்பஸ்’ சிறந்த நாடகத்துக்கான டோனியைத் தட்டிச் சென்றது.

படப்பிடிப்பில் சொதப்பினால் ‘கட்’ சொல்லலாம். நாடகம் தொடங்கிவிட்டாலோ, இயக்குநர் ஓரமாக உட்கார்ந்து நகம் கடிக்க வேண்டியதுதான். பிள்ளை வளர்ப்பும் அப்படித்தானே!