பன்னிரண்டு சைபருக்கு ஒரு மனுதாரரின் சிறு பங்களிப்பு

மாநிலப் பொருளாதாரத்தை வளர்க்கப் பொதுமக்களிடம் யோசனை கேட்டருளும் அலுவலகத்தின் பொறுப்பதிகாரி அவர்களின் மேலான சமூகத்துக்கு, திரேஸ்புரம் வல்லக்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது.

தாங்கள் நடத்திய யோசனைக் கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. கடைசி வரிசை, ஏசிக்கு நேர் கீழே. மக்ரூன் கொடுத்தீர்கள், முறுகலாக இருந்தது. திரையில் 2030, ஒரு டிரில்லியன் டாலர் என்று போட்டு, ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு சைபர் நிறுத்தியிருந்தீர்கள். பார்க்கவே கண்கொள்ளவில்லை. என் முறை வந்ததும், “ஐயா, பக்கிள் ஓடைச் சாக்கடை நேரே எங்க கடல்ல வந்து விழுது, மீனை எறக்குற எடத்துல...” என்று ஆரம்பித்தேன். மைக்கைப் பிடித்திருந்த தம்பி மிகவும் மரியாதையாக அதை வாங்கிக்கொண்டு, “அய்யா, இது யோசனைக் கூட்டம். நீங்க சொல்றது குறை. மனுவா எழுதி வெளிய பெட்டியில போட்டுருங்க” என்றார்.

எனக்குப் பின் ஒரு கோட்டுக்காரர் எழுந்து, நீலப் பொருளாதாரத்தில் கழிவுநீர் மேலாண்மையின் அவசியம் பற்றிச் சொன்னார். மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன். என் சாக்கடையைத்தான் சொன்னார் என்பது வாசலுக்கு வந்தபிறகே உறைத்தது.

பெட்டியிலும் போட்டேன். வீட்டுக்கு வந்து வேட்டியை அவிழ்த்துச் சாரம் கட்டுவதற்குள் செல்போனில் குறுஞ்செய்தி: “தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது.” ஓடையை முடித்தீர்களா, மனுவை முடித்தீர்களா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓடை சௌக்கியமாக இருக்கிறது.

அன்றிரவுதான் எனக்கு டிரில்லியன் கணக்கு விளங்கியது. முன்னால் நிற்கும் அந்த ஒன்றைத் தாங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டிய சைபர்களை நாங்கள் சப்ளை செய்கிறோம். தூத்துக்குடிக் கரையில் அதற்குப் பஞ்சமே வந்ததில்லை.

முதலில் முத்து. வடிவமும் பொருத்தம். 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு கிடையாது. ஆனால் 1973-இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நம் வேப்பலோடையில் சிப்பிக்குள் கரு வைத்து, நாட்டிலேயே முதன்முறையாக உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டியது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அந்த முத்து எந்தக் குப்பத்துக்காவது தொழிலாக வந்து சேர்ந்ததா? ரயிலுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வந்தது. உலகச் சந்தைக்குச் சீனாக்காரர்கள் மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள். கடலறிந்த எங்கள் பையன்களுக்குச் சிப்பி வளர்க்கச் சொல்லிக்கொடுங்கள், வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடுங்கள் என்பது என் யோசனை. மன்னிக்கவும், மனு. சைபர் ஒன்று.

அடுத்தது சங்கு. லாரி டயருக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு எங்கள் ஆட்கள் கடலடிக்கு இறங்குகிறார்கள். மேலே வந்தபின் மூட்டு முறுக்கும், சிலருக்குக் கால் விளங்காமலே போய்விடும். அப்படி எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அறுபட்டு, வளையலாகிச் சுமங்கலிகள் கையில் ஏறுகிறது. அறுக்கும் கூலி அங்கே, செதுக்கும் கூலி அங்கே, லாபமும் அங்கே. வளையலுக்கு நடுவில் இருக்கும் ஓட்டை மட்டும் எங்கள் பங்கு. அதுவும் சைபர்தான், வாங்கிக்கொள்ளுங்கள். சங்கறுக்கும் பட்டறை நாலு இங்கே வைத்து, குளியாளிக்கு முறையான காற்றுச் சிலிண்டரும், முடங்கியவனைக் கிடத்த அழுத்த அறையுள்ள ஒரு ஆஸ்பத்திரியும் கொடுத்தால் எத்தனை கோடி வரும் என்று கோட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் வாயால் வந்தால்தான் கணக்கில் ஏறும்.

சேதுக் கால்வாயை நான் நீட்ட விரும்பவில்லை. 2005 ஜூலையில் மதுரையில் தொடக்க விழா, 2,427 கோடித் திட்டம். கப்பல் ஏதும் வரவில்லை. கடலுக்குள் வெட்டிய சைபர் எங்கே கிடக்கிறது என்று மீன்களுக்குத் தெரியும்.

மக்கள் யோசனை என்பது தங்கள் அலுவலகத்தின் புதுக் கண்டுபிடிப்பு என்று கூட்டத்தில் பெருமைப்பட்டுக்கொண்டீர்கள். இந்த ஊரில் அதற்கு வயது நூற்றுக்கு மேல். 1906 அக்டோபரில் வக்கீல் ஒருவர், ஒட்டப்பிடாரத்துக்காரர், பங்கு 25 ரூபாய் என்று போட்டு, பத்து லட்சம் மூலதனத்துக்குச் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். அடுத்த வருடம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்து இறங்கின. கொழும்புக் கடல் தன் பாட்டன் சொத்து என்று நினைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. அப்புறம் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது. அதற்கும் ஆள் மசியவில்லை என்றதும் அரசாங்கமே தலையிட்டு யோசனையைப் பரிசீலித்தது. 1908-இல் தீர்ப்பு, நாற்பது வருடம். மேல்முறையீட்டில் குறைந்தது என்றாலும் கோயமுத்தூர் ஜெயிலில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வரும்போது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

செக்கு வட்டமாகத்தானே சுற்றும். அந்தக் காலத்துச் சைபர்.

அது வெள்ளைக்காரன் செய்தது என்பீர்கள். உண்மைதான். நம் அரசாங்கம் 2011-இல் துறைமுகத்துக்கே அந்த வக்கீலின் பெயரை, வ.உ.சிதம்பரனார் என்று, சூட்டியது. அதே 2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பலைக் கொழும்புக்கு விட்டுக் கொடி அசைத்தது. நவம்பரில் நின்றுபோயிற்று. பெயர் மட்டும் துருப்பிடிக்காமல் இருக்கிறது.

தாங்கள் வேகமாக வேலை செய்யத் தெரியாதவர்கள் என்று நான் சொன்னதாக நினைக்க வேண்டாம். சில்லாநத்தத்தில் வியட்நாம் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல், 2025 ஆகஸ்டில் திறப்பு. ஒன்றரை வருடத்தில் காடு ஆலையாகி, ஆலையிலிருந்து கார் ஓடுகிறது. சந்தோஷம். எங்கள் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைக்கும். அந்த வேகத்தில் நூற்றில் ஒரு பங்கைப் பக்கிள் ஓடைப் பக்கம் திருப்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான் அன்று மைக்கில் வராமல் போன வார்த்தை.

மனு கொடுக்கச் சொல்கிறீர்களே, ஐயா. 2018 மே 22-ஆம் தேதி ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி இந்த ஊர் ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தது. சொல்லப் போனதும் பொருளாதார யோசனைதான்: மூச்சுவிட முடிந்தால்தான் உழைக்க முடியும், உழைத்தால்தான் உங்களுக்கு வரி. பதின்மூன்று பேரைச் சுட்டுக் கொன்றீர்கள். அதில் ஒருவர் எங்கள் திரேஸ்புரத்துப் பெண். ஆட்சியர் அலுவலகத்துக்கும் அவர் விழுந்த இடத்துக்கும் பல கிலோமீட்டர் தூரம். விசாரணை ஆணையத்தின் அறிக்கை சட்டப்பேரவைக்கு வர 2022 ஆனது. குண்டு வந்த வேகத்தில் அது வரவில்லை. இதற்கு நான் சைபர் போட மாட்டேன்.

மேன்மை தங்கிய தங்களிடம் குரலை உயர்த்தியது ஏசி ஒத்துக்கொள்ளாததால்தான் என்று கருதிப் பொறுத்தருள வேண்டும். தங்கள் நேரம் பொன், எங்கள் நேரம் கச்சான் காற்று, எப்போது அடிக்கும் எப்போது அடங்கும் என்று எங்களுக்கே தெரியாது.

கருவாடு காயப்போடுகிற பெண்களுக்கு மணல் படாத ஒரு தளம், ஏலக்கூடத்துக்கு நல்ல தண்ணீர், ஐஸ் விலையில் ஒரு கட்டுப்பாடு, வானிலை எச்சரிக்கையால் கடலுக்குப் போகாத நாளுக்குக் கஞ்சிக்காசு. இவையெல்லாம் மிகச் சாதாரணமாக இருப்பதால் யோசனை ஆகாது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு ஆங்கிலப் பெயர் எழுதிக்கொள்ளத் தங்களுக்கு முழு அதிகாரம் உண்டு. காப்புரிமை கேட்க மாட்டேன்.

இன்னொரு விண்ணப்பம். அடுத்த கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் ஒரு சனிக்கிழமை எங்கள் ஏலக்கூடத்தில் வையுங்கள். வல்லங்கள் கரை திரும்பி, சீலாவும் ஊளியும் விளைமீனும் குவிந்து, விலை கூவுகிற சத்தத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. மைக் வேண்டாம், பிடுங்க ஒன்றும் இருக்காது. கோட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள், ஆனால் செருப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், ஓடை வழியாகத்தான் வரவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மனுதாரர்,
திரேஸ்புரம்.