ஒரே வாரத்தில் ஜாஸ் ரசிகர் ஆவது எப்படி?

ஜாஸ் கேட்க முதலில் காது வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகம்தான் வேண்டும். கண்களைப் பாதி மூடி, கீழுதட்டைச் சற்றே பிதுக்கி, மெல்லத் தலையாட்டப் பழகுங்கள். கண்ணாடி முன்னால் பயிற்சி செய்யும்போது வீட்டில் யாராவது பார்த்துவிட்டால் பல்வலி என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது தாளம். குட்டு உடையும் இடம் இதுதான். நாலு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறவர் வெளியாள்; இரண்டிலும் நாலிலும் விரல் சொடுக்குகிறவர் உள்ளாள். டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' ஒலித்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், அது அஞ்சு எண்ணிக்கை. "புரூபெக் என்னமாய் எழுதியிருக்கிறார்!" என்று எதிரில் இருப்பவர் உருகும்வரை பொறுத்திருந்து, "எழுதியது அவருடைய சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட் அல்லவோ?" என்று தாழ்ந்த குரலில் கேளுங்கள். அன்றைய பொழுதுக்கு அது போதும்.

பேச்சின் நடுவே பெயர் மறந்துபோனால் கலங்க வேண்டாம். 1960இல் பெர்லின் மேடையில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 'மேக் த நைஃப்' பாட்டின் வரிகளே மறந்துபோயின. அம்மணி நிறுத்தவில்லை. மறந்துவிட்டது என்பதையே மெட்டுக்குள் வைத்துப் பாடித் தள்ளினார். கிராமி விருது கொடுத்தார்கள். உங்களுக்குக் கிராமி கிடைக்காது. கொஞ்சம் மரியாதை கிடைக்கலாம்.

நேரடிக் கச்சேரிக்குப் போக வாய்த்தால், பேஸ்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிறோமே, அதே மரபுதான். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் 'வில்லேஜ் வான்கார்ட்' நிலவறையில் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்தது. அந்தப் பதிவைக் கேட்டால் பியானோவுக்குப் பின்னால் கோப்பைகள் உரசும் சத்தமும் அரட்டையும் சிரிப்பும் தெளிவாகவே கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோவுக்கு வயது 25. இரண்டு வாரம் முடிவதற்குள் கார் விபத்தில் போய்விட்டார். அன்று அரட்டையடித்தவர்கள்தான் உங்கள் முன்னோடிகள்.

எந்த இசைத்தட்டில் தொடங்குவது? 1959இல் வந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்று எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் சொல்வதால் உங்களுக்கு அது பிடிக்கக் கூடாது. "நல்ல தட்டுதான், ஆனால்..." என்று இழுத்துவிட்டுக் காப்பியைக் குடியுங்கள். உங்களுக்கு உயிர் ஜான் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்'. பதினோரு பேர் ஏறக்குறைய நாற்பது நிமிடம் முழங்குவது. அதைக் கடைசிவரை கேட்டவர் எதிரில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு குறைவு, தைரியமாகப் புகழலாம்.

தப்பித் தவறிக்கூட 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வைத் தனியாக உட்கார்ந்து கேட்டுவிடாதீர்கள். முதல் உருப்படி 'சோ வாட்' ஆளைக் கவிழ்த்துவிடும். பால் சேம்பர்ஸின் பேஸ் ஒரு கேள்வி கேட்கும். பியானோ இரண்டே தட்டில் பதில் சொல்லும். அமைப்பும் எளிது. எட்டு பார் (நாலு எண்ணிக்கை ஒரு பார்) ஒரே சுர வரிசை, இன்னொரு எட்டு அதுவே, பிறகு எட்டு அரைச் சுரம் மேலே, கடைசி எட்டு பழைய இடம். இந்த 32 பாரைத்தான் மைல்ஸும் கோல்ட்ரேனும் ஒருவர் பின் ஒருவராகச் சுற்றி வருகிறார்கள். மைல்ஸின் ட்ரம்பெட் புறப்படும் நொடியில் டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு போடு போடுவார். அந்த ஓசை அடங்க நேரமாகும். மேலே ஏறும் அந்த எட்டு பாரை உங்கள் காது தானாகப் பிடித்துவிட்டால் போச்சு. முகபாவம், அசென்ஷன், டெஸ்மண்ட் எல்லாம் வீண்.

எச்சரித்தும் கேட்கமாட்டேன் என்பவர்களுக்கு: 'சோ வாட்' ஒன்பது நிமிடச் சொச்சம்தான். இன்று ராத்திரியே கேட்டுத் தொலைத்துவிடுங்கள்.