ஹொஸ்டல் தெரிந்த மாமா

பயணிகள் ஹொஸ்டலில் ஓர் இரவும் படுக்காமலே அதன் உள்விவகாரம் முழுவதையும் அறிந்தவர் மாத்தளை நகரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் பென்ஷன் எடுத்தவர். உறவு வட்டத்துக்கு மாமா. கொழும்பிலிருந்து வரும் மருமகன் சிகிரியாவில் ஹொஸ்டல் புக் பண்ணியிருப்பதாகச் சொன்ன கணத்தில் இவருடைய ஞானம் விழித்துக்கொள்ளும். "அங்க என்னத்துக்கு மருமகன்? நம்ம வீடு இருக்குதானே!" நம்ம வீட்டிலிருந்து சிகிரியா 60 கிலோமீட்டருக்கு மேல். சிகிரியாவுக்குப் பக்கத்துக் குன்றான பிதுரங்கலையின் உச்சியில் சூரிய உதயம் பார்க்க நினைப்பவன் மாத்தளையில் படுத்தால் நள்ளிரவு தாண்டியதும் எழும்பவேண்டும். மாமாவின் கணக்கில் அது ஒரு தூரமே இல்லை.

இந்த ஞானத்தின் ஊற்று, அவர் உயர்தரம் படித்த காலத்துப் பாடசாலை விடுதி. மணியடித்தால் விளக்கணைப்பு, வாளியோடு வரிசை, அடி தெரியும் பருப்பு, பிரம்போடு ஒரு வார்டன். உலகத்து ஹொஸ்டல் எல்லாவற்றையும் அவர் அந்தக் கூடத்திலேயே கொண்டுபோய் அடைத்துவிடுவார். கட்டிலுக்குக் கட்டில் திரை உண்டு, பொருளை வைத்துப் பூட்ட லொக்கர் உண்டு, பெண்களுக்குப் புறம்பான கூடம் உண்டு, கொஞ்சம் கூடக் கொடுத்தால் தனி அறையே கிடைக்கும் என்று மருமகன் விளக்குவான். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப வார்டன் எங்க படுப்பாரு?" என்பார்.

"அது இளந்தாரிகள் கூத்தடிக்கிற இடம்" என்பது அவருடைய அடுத்த கட்சி. இதில் மட்டும் வரலாறு கொஞ்சம் அவர் பக்கம் சாய்கிறது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் ஆசிரியர், மாணவர்களோடு நடைப்பயணம் போன இடத்தில் 1909இல் மழையில் மாட்டிக்கொண்டு யோசித்த யோசனைதான் ஹொஸ்டல். 1912இல் அல்தேனா கோட்டையில் முதல் இளைஞர் விடுதி நிலைபெற்றது. ஆக மாமாவின் தகவல் சரி. நூறு வருடம் பிந்திவிட்டது, அவ்வளவுதான். இன்று சிகிரியாவின் ஹொஸ்டல்களில் முழங்கால் பட்டியோடு குன்றேற வந்த நரைத்த தலைகளையும் பார்க்கலாம். பல இடங்களை நடத்துவது ஊர்க் குடும்பங்கள். இரவில் நடக்கும் பெரிய கூத்து, பொலோஸ் கறிக்கு இன்னொரு அகப்பை கேட்பது.

மலிவென்றால் மட்டம் என்பதும் அவருடைய சித்தாந்தம். சிகிரியாவில் ஏற வெளிநாட்டவர் 30 டொலருக்கு மேல் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் அடிவாரத்துக் கூடத்தில் மூன்று இரவு படுக்கலாம். குன்றைப் பார்க்க வந்தவர்கள் காசைக் குன்றுக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கூரையின் கீழ் படுப்பது அவருக்கு ஆகவே ஆகாது. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் நாட்களில் அவர் வீட்டு விறாந்தையைப் பார்க்கவேண்டும். சுவரோடு சுவராகப் பாய். அதில் பாதிப் பேர் யாருடைய சம்பந்தி என்று மாமிக்கே தெரியாது. கழிப்பறை ஒன்று. குறட்டையில் முதலிடம் மாமாவுக்கு. லொக்கர், திரை எதுவும் இல்லை. ஆனால் அது விருந்து, மற்றது ஒண்டுக்குடித்தனம்.

கிழமைக்கு மூன்று கள்ளர்களைப் பற்றியாவது எச்சரிக்கும் மாமா, நிஜமான ஆபத்துகளைத் தொடுவதில்லை. இனாமலுவைச் சந்தியிலிருந்து சிகிரியா போகும் காட்டுப் பாதையில் இருட்டியபின் யானை குறுக்கிடலாம். ஓட்டோக்காரரே அங்கு வேகத்தைக் குறைப்பார். குன்றில் குளவி கலைந்தால் ஏறியவர் எல்லாரும் இறங்க வேண்டியதுதான். கூடத்துக்குள் உண்மையான எதிரி, விடிகாலை நாலு மணிக்குப் பிதுரங்கலைக்குக் கிளம்புகிறவர் சரசரவென்று பிரிக்கும் பொலித்தீன் பை. அதற்கு லொக்கரும் உதவாது.

சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் பழங்காலத்துப் பயணிகள் கிறுக்கிவைத்த பாடல்களில் 685ஐப் படித்தெடுத்து 1956இல் வெளியிட்டார் தொல்லியலாளர் செனரத் பரணவிதான. அந்தக் கிறுக்கர்கள் குறைந்தபட்சம் மேலே ஏறிப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் எழுதினார்கள்.

நியாயமாக மாமா கோபிக்கக்கூடிய சங்கதி ஒன்று உண்டு. இலங்கையின் சுற்றுலா ஊர்களில் சில விடுதிகள் உள்நாட்டவருக்கு இடம் கொடுப்பதில்லை. புக் பண்ணுமுன் ஒரு கோல் எடுத்துக் கேட்பது நல்லது. இந்தக் குறை மட்டும் மாமாவின் பட்டியலில் இல்லை. அது தெரியவர, ஒருமுறையாவது இடம் கேட்டுப் போயிருக்கவேண்டுமே.

மருமகன் பையும் உயிருமாகத் திரும்பி வந்ததும் மாமா கொள்கையைத் திருத்திக்கொள்வார். "சிகிரியாப் பக்கம் பரவாயில்ல, அது நம்ம மாவட்டம். எல்லப் பக்கம் மட்டும் போயிராத மருமகன், அங்க உள்ளதெல்லாம் சரியில்ல."