பாட்டியின் மாத்திரைக்கு யார் காவல்?

கேள்வி: முதியோர் இல்லங்களில் மருந்து மாறிப்போகாமல் இருக்க, கனடாவில் அரசே மெஷின் வாங்கப் பணம் தருகிறதாமே?
– ஒரு வாசகர், மீன்சுருட்டி

பதில்: பட்ட பிறகு வந்த புத்தி! ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு நர்ஸ், முதியவர்கள் எட்டுப் பேரை இன்சுலின் போட்டே கொன்றார். 2016-ல் அவராக வாய் திறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இதை விசாரித்த நீதிபதி கில்லீஸின் அறிக்கை 2019-ல் வந்தது. அது, இல்லத்தின் அளவைப் பொறுத்து 50,000 முதல் 2 லட்சம் டாலர் வரை மானியம் கொடுக்கச் சொன்னது. மருந்து அறைக்குள் நடப்பது வெளியே தெரிய கண்ணாடிக் கதவு, மருந்துக் கணக்கு வைக்கத் தொழில்நுட்பம், கூடுதல் ஆட்கள் என்று எதற்கும் செலவழிக்கலாம் என்றது.

நம் பக்கம்? 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வாசல்வரை கொண்டுவருகிறது. நல்லதுதான், மறுப்பதற்கில்லை. வாசலைத் தாண்டிய பிறகுதான் வம்பு. எல்லாம் ஒரே மஞ்சள் பையில். பாட்டிக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டே: ‘சின்ன வெள்ளை’, ‘பெரிய வெள்ளை’. கம்பெனி மாறி சின்னது பெரிதானால் போச்சு! மாத்திரையை அடையாளம் காண நம் வீட்டு மெஷின் பேத்திதான். அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் சிஸ்டம் டவுன்.

மானியம் வரும்போது வரட்டும். அதுவரை மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். மருந்தின் பெயரும் காலாவதி தேதியும் அட்டையில்தான் இருக்கின்றன.